பாயசத்தில் விழுந்த சாம்பிராணி: ஒரு சென்ட் தோலில் எப்படி விரிகிறது?

போன தையில் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தான். கையில் கனக்கிற கண்ணாடி. உள்ளே கருப்பட்டிப் பாகைத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்த மாதிரி ஒரு நிறம். காலை எட்டு மணிக்கு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். சாத்துக்குடித் தோலை மடக்கினால் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசனை வந்தது. கூடவே கொஞ்சம் ஸ்பிரிட் நெடி. இதற்கா இவ்வளவு விலை என்று மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்த அப்பத்தா மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். "என்னடா, பாயாசத்துல சாம்பிராணியக் கொட்டுனாப்புல ஒரு வாசம் வருது?"

காலையில் எனக்குச் சாத்துக்குடியாக வந்ததும், மாலையில் அப்பத்தாவுக்குப் பாயசமும் சாம்பிராணியுமாக வந்ததும் ஒரே சென்ட்தான். இடையில் நான் வேறெதையும் பூசவில்லை. அந்தப் பத்து மணி நேரத்தில் என் கையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இதற்குள் இறங்கினேன். இறங்கிப் பார்த்தால் பாதிச் சரக்கு நம் அடுப்படியிலும் சாமி அறையிலும் ஏற்கெனவே இருக்கிறது. பெயர்தான் வேறு.

கிழக்கு என்றால் யாருக்குக் கிழக்கு?

தம்பி கடையில் கேட்டுக்கொண்டு வந்த வகைப் பெயர் 'வுட்டி ஓரியண்டல்'. வுட்டி என்றால் மரவாசனை, சரி. ஓரியண்டல் என்றால் கிழக்கத்தியது. யாருக்குக் கிழக்கு? காரைக்குடியிலிருந்து கிழக்கே போனால் கோட்டைப்பட்டினம், அதற்கு அப்பால் கடல், கடலைத் தாண்டினால் நம் பெரியவர்கள் கொண்டுவிற்கப் போன பர்மாவும் மலாயாவும். பாரிஸ்காரர்களுக்குக் கிழக்கு என்பது நாமும் அரபு தேசமும் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரு கற்பனை ஊர். அங்கே எப்போதும் புகை போட்டிருப்பார்கள், மசாலா இடித்துக்கொண்டிருப்பார்கள், சந்தனம் அரைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கற்பனையை பாட்டிலில் அடைத்தால் ஓரியண்டல்.

பிரெஞ்சு நிறுவனமான கெர்லான் 1925-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷாலிமார்தான் இந்த வகைக்குப் பெரிய முன்மாதிரி. பெயரே முகலாயர் தோட்டத்தினுடையது. அதே நிறுவனம் 1989-இல் சந்தனத்தைத் தூக்கலாகப் போட்டு இன்னொன்றைக் கொண்டுவந்தது. அதன் பெயர் சம்சாரா. பிறவிச் சுழற்சி என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். நம் ஊரில் அதை வாங்கி வந்து "என் சம்சாரா எங்கே?" என்று கேட்டால் வீட்டுக்காரிதான் எட்டிப் பார்ப்பார்.

ஓரியண்டல் என்ற சொல்லுக்கு இப்போது மவுசு குறைந்துவிட்டது. ஆசியாவை ஒரு கண்காட்சிப் பொருள் மாதிரி பார்க்கிற சொல் என்று எதிர்ப்பு வந்ததால், சென்ட்களை வகை பிரித்துப் பட்டியல் போடுவதில் பேர்பெற்ற மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021-இல் அதை எடுத்துவிட்டு 'ஆம்பர்' என்று மாற்றினார். ஆகவே வுட்டி ஓரியண்டல் என்பதும் வுட்டி ஆம்பர் என்பதும் ஒன்றுதான். பழைய விற்பனையாளர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

ஆம்பர் என்றதும் நாட்டு மருந்துக் கடை மீனம்பர் ஞாபகம் வரலாம். அது திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வருவது. இது அது இல்லை. மாலையில் கோக்கிற பொன்மஞ்சள் ஆம்பர் கல்லும் இல்லை. சென்ட் உலகில் ஆம்பர் என்பது ஒரு கூட்டு. லாப்டனம் என்று மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர் ஒன்றின் பிசின், வெனிலா, அப்புறம் பென்சாயின். இந்தப் பென்சாயின் யாரென்று கேட்டால், நம் சாம்பிராணிதான்.

அப்பத்தாவின் மூக்கு எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறது பாருங்கள்.

பந்திக்கு முந்துகிறவர்கள்

கல்யாண வீட்டில் தாலி ஏறின உடனே பந்திக்கு ஓடுகிற ஒரு கூட்டம் உண்டு. சாப்பிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது பந்திவரை இருந்து பேசிக்கொண்டிருக்கிற கூட்டம் ஒன்று. எல்லாரும் போன பிறகு ஜமக்காளத்தைச் சுருட்டி, பாத்திரத்தை எண்ணிக் கணக்குப் பார்க்கிற பங்காளிகள் கடைசி. பாட்டிலுக்குள் இந்த மூன்று கூட்டமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வெளியே வந்தபின்தான் யார் யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று தெரியும்.

மணம் என்பது காற்றில் பறந்து மூக்குக்கு வந்து சேர்கிற மூலக்கூறு. பறக்காதது மணக்காது. சில மூலக்கூறுகள் சட்டென்று பறக்கும், சில தோலைவிட்டுக் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும். கொதிநிலையைப் பார்த்தால் வரிசை ஓரளவுக்குப் புரியும். சென்டில் பெரும்பகுதியாக இருக்கிற ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். சாத்துக்குடித் தோலில் இருக்கிற லிமோனீன் 176. கிராம்பின் யூஜெனால் 254. வெனிலாவின் வெனிலின் 285. சந்தனத்தின் சாண்டலால் 300-ஐ ஒட்டி. தோலில் எதுவும் கொதிக்கப் போவதில்லை. கொடியில் போட்ட வேட்டி கொதிக்காமலே காய்கிற மாதிரிதான் இதுவும். ஆனால் காய்கிற வேகத்தின் வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

கனமான மூலக்கூறு மெதுவாகப் போகும், லேசானது வேகமாகப் போகும் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். முழுக்கச் சரியில்லை. லிமோனீனின் மூலக்கூறு எடை 136, வெனிலினுக்கு 152. பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் லிமோனீன் அரை மணியில் காணாமல் போகும், வெனிலின் மறுநாளும் சட்டையில் இருக்கும். வெனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், தோலையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானம்தான் காரணம். அது மட்டுமில்லாமல் பிசினும் சந்தனமும் கூட இருந்தால் லேசான சரக்கையும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்து உட்காரவைக்கும். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று வாசலில் மறிக்கிற பங்காளி மாதிரி.

இந்த மூன்று கூட்டத்துக்கும் சென்ட்காரர்கள் வைத்த பெயர் டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட். நாம் முதல் வாசம், நடு வாசம், அடி வாசம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் மூன்று துண்டு வெள்ளைக் காகிதம் போதும். ஒன்றில் சாத்துக்குடித் தோலைப் பிழியுங்கள். ஒன்றில் நசுக்கிய கிராம்பைத் தேயுங்கள். ஒன்றில் சந்தனக் கல்லில் இழைத்த சந்தனத்தைத் தடவுங்கள். மூன்றையும் தனித்தனியாக ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மத்தியானம் சாத்துக்குடித் துண்டு வெறும் காகிதமாகிவிடும். கிராம்பு இரவுவரை தாக்குப்பிடிக்கும். சந்தனம் முதலில் இருப்பதே தெரியாத அளவுக்கு அடக்கமாக இருந்திருக்கும். மற்ற இரண்டும் அடங்கிய பிறகுதான் அது எழுந்து உட்காரும்.

மணிக்கட்டில் ஒரு நாள்

அப்பத்தா சொன்னதற்கு அடுத்த நாள் நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே திண்ணை, அதே எட்டு மணி, அதே ஒரு அடி. இந்தத் தடவை கையைத் தேய்க்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் வைத்துத் தேய்க்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. தேய்த்தால் சூடேறி முதல் வாசம் இன்னும் சீக்கிரம் ஓடும்; பாதி மற்ற கையோடு போய்விடும். அவ்வளவுதான், பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

முதல் அரை நிமிடம் ஆல்கஹால். அந்த நேரத்தில் மூக்கை ஒட்டி வைத்தால் நெடி ஏறும், ஒன்றும் புரியாது. பிறகு சாத்துக்குடி மாதிரி ஒரு பளிச். அது பெர்கமாட் என்கிற ஒரு வகை நாரத்தை. இத்தாலியின் தெற்கு ஓரத்தில் விளைகிறது. அதனடியில் ஏலக்காய் இடித்த பச்சை வாசம். இவ்வளவும் எட்டரைக்குள் முடிந்துவிட்டது. கடையில் நாம் முகர்ந்து பார்த்து, தலையாட்டி, காசு கொடுக்கிறது இந்த அரை மணி நேரத்துக்குத்தான். வீட்டில் கூட இருக்கப் போகிறது வேறு ஆள்.

ஒன்பது மணிக்குப் பக்கமாக நடு வாசம். கிராம்பும் பட்டையும் லேசாகத் தலைகாட்டின. கூடவே மல்லிகை. சரத்தில் கட்டின காலை மல்லிகை இல்லை, ராத்திரி தலையிலிருந்து கழற்றி வைத்த மல்லிகை. அந்தக் கனத்துக்குக் காரணம் இண்டோல் என்ற பொருள். மல்லிகைப் பூவிலேயே இயல்பாக இருக்கிறது. தனியாக முகர்ந்தால் அந்துருண்டையும் அழுகலும் கலந்த நாற்றம். துளியூண்டு இருந்தால்தான் மல்லிகைக்கு உயிர். உப்பு தூக்கலானால் குழம்பு கெட்டுவிடும், உப்பே இல்லாவிட்டால் அது குழம்பே இல்லை என்கிற மாதிரி.

பத்தரை மணிக்கு ஒரு சங்கடம். பூவும் மசாலாவும் இனிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு அரை மணி நேரம் திகட்டலாக இருந்தது. மூடிய காருக்குள் மூன்று பேர் தலையில் பூ வைத்துக்கொண்டு அல்வாப் பொட்டலத்தைப் பிரித்த மாதிரி. இந்த வகை சென்ட்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு இடைப்பட்ட நேரம் உண்டு. இங்கே வெறுத்துப்போய்க் கையைக் கழுவியவர்கள் நிறையப் பேர். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகல் பன்னிரண்டுக்கு மேல் அது விலகியது. பூ போய்விட்டது. சூடான, கொஞ்சம் பால் கலந்த மாதிரி ஒரு மரவாசனை தோலோடு ஒட்டிக்கொண்டது. தள்ளி நின்றால் தெரியாது, கையைத் தூக்கினால் தெரியும். அதன்மேல் வெனிலா. மூன்று மணிக்கு வெனிலாவின் பின்னால் ஒரு மெல்லிய புகை. ஆறு மணிக்கு அப்பத்தா சொன்ன பாயசம்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது

சென்டில் சர்க்கரை கிடையாது. சர்க்கரை பறக்காது, ஆகவே மணக்காது. சர்க்கரை டப்பாவை முகர்ந்து பாருங்கள், ஒன்றும் வராது. அதையே அடுப்பில் பாகாக்கிச் சிவக்கவிட்டால் தெரு முழுக்க மணக்கும். நம் மூக்கு 'இனிப்பு' என்று சொல்வது இப்படி வறுபட்டதும் பதம்பட்டதுமான சில பொருள்களைத்தான். கும்மாயத்துக்கு உளுந்தை வறுக்கும்போது ஒரு வாசம், கருப்பட்டி கரையும்போது ஒன்று, நெய் விழும்போது ஒன்று. நாக்கில் வைக்கும் முன்பே இனிக்கிறது அல்லவா? சென்ட்காரர் அதே வித்தையைத்தான் செய்கிறார்.

அவர் கையில் இருக்கிற முதல் சரக்கு வெனிலின். வெனிலாக் காயின் உயிர் அதுதான். 1874-இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் இதைச் செயற்கையாகச் செய்தார்கள். எதிலிருந்து என்றால் பைன் மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளிலிருந்து. மரத்துக்கும் வெனிலாவுக்கும் உறவு இருக்கிறது. மரத்துக்கு உறுதி கொடுக்கிற லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வெனிலின் உண்டாகும். பழைய பெட்டகத்தைத் திறந்து ஐயா காலத்துப் பேரேட்டைப் புரட்டினால் தூசிக்கு அடியில் ஒரு மங்கலான தித்திப்பு வருமே, மரக்கூழில் செய்த பழைய காகிதத்தில் நடக்கிற இந்தச் சிதைவுக்கு அதில் பங்குண்டு. மரவாசனையும் இனிப்பும் சென்டில் இவ்வளவு இயல்பாகச் சேர்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது கூமரின். டோங்கா என்கிற தென் அமெரிக்க விதையில் இருப்பது. புதிதாகக் காய்ந்த புல்லும் பாதாமும் கலந்த வாசம். 1868-இல் பெர்கின் என்ற ஆங்கிலேயர் இதைச் செயற்கையாகச் செய்தார். மூன்றாவது எத்தில் மால்டால். பொருட்காட்சியில் விற்கிற பஞ்சு மிட்டாயை முகர்ந்திருந்தால் அது தெரிந்ததுதான். 1992-இல் வந்த ஏஞ்சல் என்ற சென்ட் இதை அள்ளிப் போட்டு, பச்சௌலியோடு மோதவிட்டுப் பேர் வாங்கியது. அதன்பின் இனிப்பு சென்ட்கள் புற்றீசல் மாதிரி வந்தன. பச்சௌலி என்ற அந்தச் சொல்லே தமிழ் வழியாகப் போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. மண்ணும் ஈரமும் கலந்த வாசனையுள்ள ஓர் இலை.

பிறகு சாம்பிராணி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் நமக்கு இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சாம்பிராணி என்றாலே நமக்குப் புகை. தலைக்குக் குளித்த பிள்ளைக்கும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கும் தணலில் தூவிக் கண் எரிய எரியப் போடுகிற புகை. அந்த வாசனையில் பாதி கருகலின் வாசனை. சாம்பிராணியை எரிக்காமல் சூடாக்கினால் அது வேறு ஆள். ஒரு சிட்டிகைப் பொடியைப் பழைய கரண்டியில் வைத்து, கரண்டியை வெந்நீரின்மேல் மிதக்கவிட்ட மாதிரி ஐந்து நிமிடம் வைத்திருங்கள். புகை வராது. மெதுவாக இளகி, பிஸ்கட் அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு தித்திப்பு வரும். நல்ல சாம்பிராணியிலேயே கொஞ்சம் வெனிலின் உண்டு. கலப்படக் குங்கிலியம் என்றால் இந்தத் தித்திப்பு வராது. வார்னிஷ் நெடிதான் மிஞ்சும். சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரங்களைக் கீறி எடுக்கிற பிசின் இது. கொண்டுவிற்கப் போனவர்களின் கப்பல் வழியில்தான் அந்த ஊர்கள் எல்லாம் இருக்கின்றன.

நம் தோலும் அந்தக் கரண்டி மாதிரிதான். மணிக்கட்டுத் தோல் 32, 33 டிகிரி வாக்கில் இருக்கும். பிசின் எரியாது, இளகும். அதனால்தான் மாலையில் அப்பத்தாவுக்குச் சாம்பிராணியும் பாயசமும் சேர்ந்து வந்தது.

மரம்

சந்தனத்தைப் பற்றித் தமிழருக்குப் புதிதாக என்ன சொல்ல? கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக நிற்பவரைத் தாண்டித்தான் எல்லாரும் உள்ளே போயிருக்கிறோம். ஒன்றே ஒன்று கவனியுங்கள். சோப்பிலும் பவுடரிலும் வருகிற சந்தன வாசனை தூக்கலாக இருக்கும். கல்லில் இழைத்த அசல் சந்தனம் அப்படிக் கத்தாது. பால் ஆடை மாதிரி வழவழப்பாக, கொஞ்சம் புளித்த மாதிரி, நீண்ட நேரம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சந்தன மரம் வேறு மரங்களின் வேரை உறிஞ்சி வளர்கிற ஒட்டுண்ணி. வைரம் பாய்ந்து எண்ணெய் ஊறப் பல பத்தாண்டுகள் ஆகும். 1916-இல் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியதிலிருந்து மைசூர்ச் சந்தனம் சென்ட்காரர்களின் தங்கம். விலையும் தட்டுப்பாடும் ஏறிப்போனதால் இன்றைக்குக் கடைகளில் இருக்கிற சென்ட்களில் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்த சந்தன வாசனைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். சில நன்றாகவே இருக்கின்றன.

அகில் இன்னொன்று. சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்குப் போட்ட புகை. இப்போது ஊது என்று அரபுப் பெயரில் துபாயிலிருந்து வந்து இறங்குகிறது. சந்தனத்தோடு ஒப்பிட்டால் முரட்டு ஆள்; தோல் செருப்பும் மருந்துக் கடையும் கலந்த வாசம். முதல்முறை அடிப்பவர்கள் அகில் தூக்கலான பாட்டிலை விட்டுவிட்டுச் சந்தனத்திலிருந்து தொடங்குவது நல்லது. வெட்டிவேர், தேவதாரு இவையும் மரக் கூட்டத்தில் வரும்.

ஒரு கிளைப் பேச்சு. செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசி இருக்கிறதே, அதன் சித்தப்பா மகன் ஒருவன் ஐரோப்பாவில் இருக்கிறான். ஓக் மரத்தில் படர்கிற ஓக்மாஸ். இரண்டும் வெறும் பாசி இல்லை. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர். பிரெஞ்சு சென்ட்களில் ஓக்மாஸுக்கென்றே தனி வகை உண்டு. நம் கல்பாசியும் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செய்கிற ஷமாமா அத்தரில் சேர்கிறது. கல்பாசியைச் சும்மா முகர்ந்தால் காய்ந்த சருகு. காய்ந்த எண்ணெயில் போட்டால்தான் காடு மணக்கும். தோலில் சென்ட் விரிவதை யாராவது சுருக்கமாகக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: சூடு படாமல் எந்தச் சரக்கும் வாய் திறக்காது.

நம் ஊர் வெயிலும் இந்த பாட்டிலும்

தையில் பத்து மணி நேரம் நின்ற அதே சென்டைச் சித்திரையில் அடித்தேன். முதல் வாசம் பத்து நிமிடம்கூட இல்லை. மத்தியானத்துக்குள் அடி வாசத்துக்கு வந்துவிட்டது. அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியதால் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குளிர் நாட்டில் கோட்டுக்கு மேல் நாலு அடி அடிக்கலாம் என்று போட்ட கணக்கு காரைக்குடி வெயிலுக்குப் பொருந்தாது. வெயில் காலத்தில் ஒரு அடி, அதுவும் சாயங்காலத்துக்கு மேல். ஏசி மண்டபம் என்றால் இரண்டு. விருந்துக்கு முன்னால் கையில் அடிக்காதீர்கள். பிசையும்போது உப்புக்கறியில் வெனிலா மணந்தால் இரண்டும் கெட்டுவிடும். பின்கழுத்து உத்தமம்.

தோலும் ஆளுக்கு ஆள் மாறும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நிற்கும். வறண்ட தோலில் சீக்கிரம் பறக்கும். அடிக்கும் முன் வாசனையில்லாத தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் கொஞ்சம் நிற்கும். தம்பிக்கு வெனிலாவாக வருவது எனக்குப் புகையாக வருகிறது. அதில் தோலுக்கும் பங்குண்டு, மூக்குக்கும் பங்குண்டு. அடி வாசத்தில் சேர்க்கிற செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. பிறவியிலேயே அப்படி. ஆகவே "எனக்கு ஒண்ணும் வரலையே" என்பவர் பொய் சொல்லவில்லை.

வேறொரு வகையான 'வரலை'யும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் நம் மூக்கு நம் சென்டுக்குப் பழகிவிடும். குழம்பு தாளிக்கிற ஆச்சிக்கு வாசனை தெரியாது, தெருவில் போகிறவருக்குத்தான் பசிக்கும். தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி அடித்தால் தெரிவது மற்றவர்களுக்கு. வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து முகருங்கள்.

பாட்டிலில் ஓ டி டாய்லெட் என்றிருந்தால் வாசனைச் சரக்கு குறைவு, ஓ டி பர்ஃப்யூம் என்றால் கூடுதல், பர்ஃப்யூம் அல்லது எக்ஸ்ட்ரெய்ட் என்றால் இன்னும் கூடுதல். நம் வெயிலுக்கு முதலாவதே பல நேரம் போதும். வாங்கும்போது கடைக்காரர் நீட்டுகிற அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். அட்டைக்குச் சூடு கிடையாது. கையில் ஒரு அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கலாம். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் எதுவும் நினைவில் நிற்காது. நடுநடுவே காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். தேவையில்லை, சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

வெள்ளை வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். பாட்டில் நாளாக ஆகக் கறுப்பது அதனால்தான்; அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ஆனால் அதே பழுப்பு வேட்டியில் விழுந்தால் லேசில் போகாது. என்னுடைய எட்டு முழ வேட்டி ஒன்று இப்படித்தான் வீட்டோடு கட்டுகிற வேட்டியானது. பாட்டிலை வெயில் படுகிற ஜன்னலிலோ குளியலறையிலோ வைக்க வேண்டாம். இரண்டாம் கட்டில் சுண்ணாம்புச் சுவர் அறை ஒன்று சித்திரையிலும் குளுகுளுவென்று இருக்கிறது. பெட்டகத்துக்குள் பட்டுப் புடவைக்கு எட்டாத மூலையில் என் பாட்டில் அங்கேதான் இருக்கிறது.

நாளைக்குப் பக்கத்து வளவில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு. இன்று ராத்திரி வெற்றிலை மடித்துக்கொண்டே அப்பத்தா சொன்னார்: "அந்தப் பாயாச சென்ட்ட விடியக்காலம் நாலு மணிக்கே எனக்குப் போட்டு விட்ருடா. அப்பத்தான் தாலி கட்டையில நல்லா இருக்கும்."